வாய்க்கட்டு

பூசாரி வீராசாமி மஞ்சள் துணியை நாலாக மடித்துச் சடையப்பனின் வாய்மேல் வைத்து, இரண்டு முனையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோன சமயத்தில்தான் அந்த மனுஷனுக்கு மாட்டு ஞாபகம் வந்தது. துணியைக் கையால் விலக்கிக்கொண்டு பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏ பவளம், செவலைக்குத் தண்ணி காட்னியா?"

ஏரிக்கரையில் பம்பைக்காரர்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பவளம் தண்ணீர் காட்டவில்லை. காலையிலிருந்து மாவிளக்குக்கு இடிப்பதும் வேட்டியை மஞ்சளில் நனைப்பதுமாக இருந்ததில் கொட்டகைப் பக்கமே போகவில்லை. அதை இந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று அவள் தயங்கி நிற்கையிலேயே முடிச்சு விழுந்துவிட்டது. பூசாரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவர் தலையோடு கவிழ்த்தார். தண்ணீர் வழிய வழிய சடையப்பன் புருவத்தை உயர்த்தி இன்னொரு தரம் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று பவளம் கையைக் காட்டினாள்.

அந்த ஊரில் துரோபதையம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள் ஒரு கூட்டம். தீயில் இறங்கத் தெம்பில்லாத கிழடுகளும் நோயாளிகளும் இன்னொரு கூட்டம். இவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு, ஏரிக்கரையிலிருந்து கரகத்தின் பின்னால் கோயில்வரை நடந்து, தீக்குண்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். அங்கே பூசாரி கட்டை அவிழ்ப்பார். நடுவழியில் அந்தக் கட்டின்மேல் வேறு கை பட்டால் நேர்ந்துகொண்டவனுக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது. மற்றபடி பேசாமல் நடக்கவேண்டும், அவ்வளவுதான். தீயோடு வைத்துப் பார்த்தால் இது சின்னப் பிள்ளை விளையாட்டு. அதனால்தான் பவளம் இதைக் கேட்டு வாங்கினாள்.

தை அறுப்பில் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த மனுஷன் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயுப் பிடிப்பு என்று சுக்கு தட்டிக் கொடுத்தார்கள். சுக்குக்கு அடங்குகிற வலியாக அது இல்லை. தம்பி சுப்பிரமணி வண்டி கட்டி, வைக்கோல் மெத்தையில் படுக்கப்போட்டு, உத்திரமேரூர்ப் பக்கம் இருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். போய்ச் சேரும்வரை பவளம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிச்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மார்வலி கண்டவன் கட்டிலைவிட்டு இறங்கினால் அடுத்து ஏறுவது பாடைதான் என்று ஊரில் சொல்வார்கள். ஊரை மட்டும் சொல்வானேன், பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே அந்தக் காலத்தில் நோயாளியை வாரக்கணக்கில் மல்லாக்கப் போட்டுவிடுவார்கள். ஐசக் டாக்டர் கடல் தாண்டிப்போய்ப் படித்து வந்தவர். அவருக்கு வேறு எண்ணம். கொஞ்ச நாள் படுக்கவைத்த பிறகு சடையப்பனை நாற்காலியில் உட்காரவைத்தார். அப்புறம் ஜன்னல்வரை நடக்கச் சொன்னார். அப்புறம் தாழ்வாரம், அப்புறம் வாசல் வேப்பமரம். முதல் நாள் நாற்காலியைப் பார்த்ததுமே பவளம் வெளியே ஓடினாள். படித்த மனுஷன் தன் தாலிக்கு உலை வைக்கிறாரே என்று நர்ஸ் மார்த்தாளிடம் போய் நின்றாள். ராஜகுளத்துப் பெண்ணான மார்த்தாள் அவளை டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "வண்டிமாட்டுக்கு அடிபட்டா கட்டிப்போடுவீங்க. தேறினதும் மூட்டையா ஏத்துவீங்க? வெறும் வண்டியில பூட்டி நடக்கவிட்டுப் பாப்பீங்க இல்லையா? இதயத்தையும் அப்படித்தாம்மா பழக்கணும்."

மாட்டுக் கணக்கில் சொன்னதும் பவளத்துக்குப் புரிந்தது. எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதைத் தங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டாள். பேசிக்கொண்டே நடக்கட்டும் என்றார் டாக்டர். பேசுகிற அளவுக்கு மூச்சிருந்தால் நடக்கலாம். பேச்சு தடுமாறினால் நடையும் நிற்கவேண்டும். முகம் வெளுத்தாலோ சில்லென்று வேர்த்தாலோ எந்த வேலையையும் போட்டுவிட்டு இங்கே கொண்டுவந்துவிடவேண்டும்.

வெளியே வந்ததும் மார்த்தாள் அதைத் தன் பாஷையில் சொல்லிக்கொடுத்தாள். "நீ ஒண்ணு கேளுக்கா, அவுரு பதில் சொல்லணும். பதில் வந்தா மேல நட. வரலன்னா நில்லு. வாயுள்ள புள்ள பொயைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

இதில் ஒரு சங்கடம் இருந்தது. சடையப்பனும் பவளமும் பேசிக்கொள்கிற ஜோடி இல்லை. சண்டைக்காரர்களும் இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. சோறு போடவா என்றால் போடு, மழை வரும்போல இருக்கிறது என்றால் ஆமாம். இத்தனை வருஷக் குடித்தனம் இப்படியே ஓடிவிட்டது. இப்போது தினமும் விடிந்ததும் எல்லைக்கல்வரை போய்த் திரும்புகிற தூரத்துக்குப் பேச்சு வேண்டும் என்றால் எங்கே போவது? முதல் நாள் பவளம் சாப்பாட்டில் ஆரம்பித்தாள். நேற்று ரசத்தில் உப்பு சரியாக இருந்ததா? இருந்தது. புளிப்பு? அதுவும் இருந்தது. வழியிலிருந்த ஆலமரம் வருவதற்குள் சமையலறையில் இருந்த சாமானெல்லாம் தீர்ந்துபோயிற்று.

மெள்ள மெள்ளத்தான் வாய் திறந்தது. வாலிபத்தில் ஒருதரம் வீட்டைவிட்டு ஓடிப்போய்ச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றதையும், ரயில் வந்த சத்தத்தில் மிரண்டு நடந்தே ஊர் திரும்பியதையும் சடையப்பன் சொன்னார். பவளம் நடுரோட்டில் நின்று சிரித்தாள். கல்யாணத்தன்று தனக்குக் காய்ச்சல் அடித்ததை யாரிடமும் சொல்லவில்லை என்றாள். கையைப் பிடித்தபோதே தெரியும் என்றார் அவர். தெரிந்துமா இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அன்று முழுக்கக் கோபமாக இருந்தாள், உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தாள். களை எடுக்கப் போகிற பெண்கள் இவர்கள் ஜோடியாகப் பேசிக்கொண்டு வருவதைக் கண்டு, புது மாப்பிள்ளை மறுவீட்டுக்குப் போகிறாரா என்று கேலி செய்தார்கள். பவளம் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாளே தவிர, அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருக்கமாட்டாள்.

பங்குனி முடிகிற சமயத்தில் எல்லைக்கல்லருகே வைத்துத்தான் சடையப்பன் அந்தச் சங்கதியையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, உயிர் பிழைத்தால் அம்மனுக்குத் தீ மிதிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாராம். அதைக் கேட்டு மூச்சடைத்து நின்றவள் பவளம். அப்புறம் வாய்க்கு வந்தபடி ஏசினாள். நெருப்பில் ஓடினால் மார்பு தாங்குமா, டாக்டர் என்ன சொல்லி அனுப்பினார் என்று வீடு வரும்வரை ஏசினாள். அவர் ஒன்றுக்கும் கோபப்படவில்லை.

"சாமிக்கு வார்த்த குட்த்துட்டேன் புள்ள. அது குட்த்த உசுர வச்சிக்கினு அத்தையே ஏமாத்தச் சொல்றியா?"

மறுநாள் பவளம் அவருக்குத் தெரியாமல் பூசாரி வீட்டுக்குப் போய், தீக்குப் பதிலாக வேறு ஏதாவது வழி உண்டா என்று கெஞ்சினாள். வீராசாமி நல்ல மனுஷன். யோசித்துப் பார்த்து, வாய்க்கட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்றார். "வாயக் கட்னா வம்பே இல்ல தாயி. ஏரிக்கரைக்கும் கோயிலுக்கும் இன்னா பெரிய தூரம்? உன் ஊட்டுக்காரரு தெனம் அதுக்கு மேலயே நடக்கறாரு." சடையப்பனும் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு ஒத்துக்கொண்டார். மலைபோல வந்தது பனிபோல விலகிற்று என்று பவளம் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

டாக்டரிடம் காட்டப் போனபோது மார்த்தாளிடம் பெருமையாகச் சொன்னாள், தீ மிதியை நிறுத்திவிட்டேன், ஏரியிலிருந்து கோயில்வரை நடந்தால் போதுமாம் என்று. நல்ல காரியம் செய்தாய் அக்கா என்று மார்த்தாள் கையைப் பிடித்துக்கொண்டாள். திருவிழாவன்று சாயங்கால பஸ்ஸில் தானும் வருவதாகச் சொன்னாள். வாயைக் கட்டுவதைப் பற்றிப் பவளம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை. அது ஆஸ்பத்திரியில் சொல்லவேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

கரகம் கிளம்பியது. வைகாசி வெயில் சாய்ந்திருந்தாலும் மண்ணில் சூடு இறங்கவில்லை. பவளம் வழக்கம்போல அவருக்கு இடதுபுறமாக நடந்தாள். சுப்பிரமணி முன்னால் வேப்பிலையோடு போனான். காலையிலிருந்து சடையப்பன் வெறும் வயிறு. வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"கால் சுடுதா மாமா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "தாகமா கீதா?" என்றாள். அதற்கும் ஒரு தலையாட்டல். ஆமாம் என்றா இல்லை என்றா புரியவில்லை. பம்பைச் சத்தத்தில் எல்லோர் தலையும்தான் ஆடிக்கொண்டிருந்தது. பவளத்துக்கு மனசுக்குள் என்னவோ உறுத்தியது, அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டாற்போல. அடுப்பை அணைத்தோமே, கதவைச் சாத்தினோமே என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். செவலைதான், தண்ணீர் காட்டாமல் வந்ததுதான் உறுத்துகிறது என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு நின்று, கட்டு கட்டியவர்கள்மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். முகமெல்லாம் மஞ்சள், முதுகெல்லாம் ஈரம். யார் முகத்தையும் தனியாகப் பார்த்து ஒன்றும் சொல்லமுடியாது. புளியமரத்துத் திருப்பத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியபோது சடையப்பன் கையை எடுத்துப் பவளத்தின் தோள்மேல் வைத்தார். நாலுபேர் பார்க்க அவர் அவளைத் தொட்டதே இல்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எதிரே களைக்காரப் பெண்கள் வேறு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"ஊரு பாக்குது மாமா," என்று சிரித்துக்கொண்டே அந்தக் கையை எடுத்து மெதுவாகக் கீழே விட்டாள்.

அந்தக் கை அப்படியே தொங்கிற்று. பிறகு உடம்பு ஒரு பக்கமாக ஆடியது. கால் பின்னிற்று. யாரோ, "அம்மா வந்துட்டா," என்று கத்தினார்கள். அவ்வளவுதான், பம்பைக்காரர்கள் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார்கள். பெண்கள் குலவை விட்டார்கள். சுப்பிரமணி அண்ணனை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வேப்பிலையால் வீசினான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மேலத்தெரு செங்கேணி ஓடிவந்து காலில் விழுந்தாள். அவள் மகளுக்குப் பிள்ளை தங்குவதில்லை.

"தாயே, எம்பொண்ணுக்கு ஒரு வழி சொல்லு தாயே."

தாய் ஒன்றும் சொல்லவில்லை. சடையப்பன் மண்டியிட்டார். கண் மட்டும் கூட்டத்துக்குள் அலைந்து பவளத்தின்மேல் வந்து நின்றது. அந்தக் கண்ணில் சாமி இல்லை. ஏரிக்கரையில் மாட்டைப் பற்றிக் கேட்ட அதே கண். எதையோ சொல்லப் பார்க்கிற கண். அப்போதுதான் பவளத்துக்கு உறைத்தது. கிளம்பினதிலிருந்து கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறோம், ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவர் பின்கழுத்தில் கையை வைத்தாள்.

"தொடாத," என்றார் பூசாரி. அதட்டவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். "நடுவழியில தொடாத தாயி. அவருக்குத்தான் ஆவாது."

பவளத்தின் கை நின்றது. ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம் இருக்கும். அவருக்கு ஆகாது என்ற சொல்தான் அவளை நிறுத்தியது. ஊருக்கு ஆகாது என்று சொல்லியிருந்தால் நின்றிருக்கமாட்டாள். பிறகு நகத்தால் முடிச்சைப் பிறாண்டினாள். ஈரத்தில் ஊறி இறுகிப்போயிருந்த முடிச்சு அசையவில்லை. இரண்டு கையாலும் துணியைப் பற்றி மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டாள். அவர் வாய் திறந்துகொண்டது. காற்றுத்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. அவள் உள்ளங்கை பட்ட முதுகு அந்த வெயிலிலும் சில்லென்றிருந்தது. முந்தானையால் முகத்து மஞ்சளைத் துடைத்தாள். அடியில் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"மாமா, இன்னா பண்ணுது? சொல்லு மாமா. ஒரு வார்த்த சொல்லு."

பம்பை ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அரிசி மில்காரரின் காரைக் கேட்க ஒரு ஆள் ஓடினான். கார் வருவதற்குள் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

திருவிழா நடுவில் சாவு விழுந்தால் பிணம் ஊர் எல்லை தாண்டும்வரை சாமி நகரக்கூடாது. கரகத்தைத் தலையிலிருந்து கீழே இறக்கவும் கூடாது. கரகம் சுமந்தவன் புளியமரத்தடியில் நின்றபடியே இருந்தான்; அவன் கழுத்து நடுங்குவதை ஊரே பார்த்தது. குண்டத்தில் கட்டை எரிந்து தணலாகிக்கொண்டிருந்தது. அதனால் எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. வாசலில் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் வேட்டி அவிழ்ந்து வெள்ளை வேட்டி வந்தது. பச்சை மூங்கில் வெட்டப் போனவர்கள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்கள். ஊர்ப்பெரியவர்கள் தெருமுனையில் நின்று பொழுதைப் பார்த்தார்கள்.

பெண்கள் பவளத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகைக்கு நடுவில் அந்தப் பேச்சும் ஓடிற்று. யாரும் உரக்கச் சொல்லவில்லை. நடந்துபோய்க் குண்டத்தைச் சுற்றியிருந்தால் பிழைத்திருப்பாராம். அவசரக்காரி, நடுவழியில் கட்டின்மேல் கைவைத்துவிட்டாள். செங்கேணி மட்டும், "இவ அவுத்துட்டாளே, எம்பொண்ணுக்கு அம்மா வாயத் தொறக்கற நேரத்துல அவுத்துட்டாளே," என்று வெளிப்படையாகவே புலம்பினாள். பவளத்தின் காதில் எல்லாம் விழுந்தது. முன்னாலேயே அவிழ்க்காமல் போனோமே என்கிற எண்ணம் ஒன்றுதான் அவளுக்குள் இருந்தது. அதை இவர்களில் யாரிடம் சொல்வது?

சாயங்கால பஸ்ஸில் மார்த்தாள் வந்தாள். நல்ல புடவை உடுத்தி, கையில் பழச்சீப்போடு வந்தவள், வாசல் கூட்டத்தைக் கண்டதும் பழத்தை எங்கே வைத்தாளோ தெரியவில்லை. பவளத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"வயியில பேச்சு குட்த்துக்கினேதானக்கா வந்தே?"

பவளம் கையை நீட்டி வாசற்படி ஓரத்தைக் காட்டினாள். குளிப்பாட்டியபோது அறுத்துப் போட்ட மஞ்சள் துணி முடிச்சோடு கிடந்தது. மார்த்தாள் துணியைப் பார்த்தாள். அதன் நடுவில் வாய் பதிந்த இடம் மட்டும் இன்னும் குழிந்திருந்தது. பவளத்தின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே யாரோ வெள்ளைத் துணியை நீளமாகக் கிழிக்கிற சத்தம் கேட்டது. சவத்தின் வாய் திறந்துகொள்ளாமலிருக்க மோவாயைச் சேர்த்துத் தலையோடு கட்டுவது வழக்கம். சுப்பிரமணி துணியோடு குனிந்தபோது, அதுவரை அசையாமலிருந்த பவளம் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்பா."

"வாயி தொறந்துக்கினு கீது அண்ணி. அப்டியே எட்த்துக்கினு போவக்கூடாது."

"கெடக்கட்டும். வேணாம்."

சுப்பிரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். தெருமுனையிலிருந்து ஆள் வந்து, கரகக்காரன் தாங்கமாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பெண்கள் பவளத்தின் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார்கள். அவளும் திரும்பி நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் வாயைக் கட்டி முடித்தார்கள்.

பொழுது விழுவதற்கு முன் பாடை கிளம்பிற்று. தெருமுனைவரை பெண்கள் போனார்கள். அதற்கு மேல் போகிற வழக்கம் இல்லை. அது எல்லைக்கல்லுக்குப் போகிற ரோடுதான். ஆலமரம்வரை பாடை தெரிந்தது. அப்புறம் சாவுமேளம் மட்டும் கேட்டது. அது எல்லை தாண்டிவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொன்னதும் ஊருக்குள் பம்பை எழும்பியது. கரகம் நகர்ந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த பெண்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலை முழுகப் போனார்கள். குண்டத்தில் அவர்களுடைய பிள்ளைகளும் புருஷன்மாரும் இறங்கவேண்டியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பவளத்தைத் தலை முழுகவைக்க மார்த்தாள் வீட்டுப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தாள். கொட்டகையில் செவலை கத்தியது. காலையிலிருந்து கத்திக் கத்தி அதன் குரல் கட்டிப்போயிருந்தது. பவளம் மார்த்தாளின் கையை விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி சேந்தித் தூக்கிவந்து மாட்டின் முன்னால் வைத்தாள். அது மூக்கு முழுக முழுகக் குடித்தது. தீர்ந்ததும் இன்னொரு வாளி சேந்திவந்து வைத்தாள்.

கோயில் பக்கம் பெரிய ஆரவாரம் எழுந்தது. முதல் ஆள் தணலில் இறங்கிவிட்டான்போல. பவளம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆலமரத்துப் பக்கமாகத் திரும்பினாள்.

"காட்டிட்டேன் மாமா," என்றாள்.

சொல்லிவிட்டு, வழக்கம்போல, பதில் வரட்டும் என்று அடுத்த அடி எடுத்து வைக்காமல் நின்றாள்.